பனியில் வழுக்காத கார்டன் டிராக்டர்: பின்சக்கரத்துக்கு எடை கூட்ட முழு வழிகாட்டி

இரவெல்லாம் பனி கொட்டி, காலையில் வாசலில் முக்கால் அடிக்குக் கிடக்கிறது. டிராக்டரைக் கிளப்பி, முன்பக்க பிளேடை இறக்கி நாலடி தள்ளியதும் வண்டி நின்றுவிடுகிறது. என்ஜினில் குறை ஒன்றும் இல்லை, அது நன்றாகவே உறுமுகிறது. பின்சக்கரம் ஒன்று மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றி, அடியிலுள்ள பனியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கிவிடுகிறது. இனி அந்த இடத்தில் நகர்வது இன்னும் கடினம்.

இங்கே பலரும் குதிரைசக்தியைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆனால் 18 குதிரைசக்தி என்ஜினோ 25 குதிரைசக்தி என்ஜினோ, அந்தச் சக்தி தரைக்குப் போய்ச் சேரும் வழி இரண்டு பின் டயர்களின் உள்ளங்கையளவு ரப்பர்தான். அந்த ரப்பரை எவ்வளவு அழுத்துகிறோம், தரை எவ்வளவு பிடி கொடுக்கிறது, இந்த இரண்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. எடை கூட்டுவது நல்ல வழி. அந்த எடையை எங்கே வைக்கிறோம், வண்டியின் எந்தப் பாகம் அதைத் தாங்குகிறது என்று தெரிந்து செய்தால்தான் அது பலன் தரும். அது தெரியாமல் கிடைத்த இரும்பையெல்லாம் கட்டித் தொங்கவிட்டால் பிடிமானமும் கூடாது, கியர்பாக்ஸும் போய்விடும்.

எடை என்ன செய்யும், என்ன செய்யாது

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். வண்டி 300 கிலோ, ஓட்டுபவர் 80 கிலோ, ஆக 380. இதில் பின்சக்கரங்கள் மேல் 230 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த கான்கிரீட்டில் ரப்பரின் உராய்வுக் கெழு, அதாவது தரை எவ்வளவு பிடி கொடுக்கிறது என்பதைச் சொல்லும் எண், 0.7 அளவில் இருக்கும். இறுகிய பனியில் அது 0.2 பக்கம் வந்துவிடும், வழவழப்பான ஐஸில் 0.1 அல்லது அதற்கும் கீழே.

இறுகிய பனியில், சமதரையில், பின்சக்கரங்கள் தரக்கூடிய அதிகபட்ச இழுவை 230 × 0.2, அதாவது 46 கிலோ. சக்கரத்துக்கு 22.5 கிலோ வீதம் இரண்டு பக்கமும் சேர்த்து 45 கிலோ கூட்டினால், 275 × 0.2, அதாவது 55 கிலோ. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு லாபம். பிளேடு தள்ளும்போது இது கண்கூடாகத் தெரியும்.

இப்போது அதே வண்டியை 10 சதவீதச் சரிவில் ஏற்றிப் பாருங்கள். 380 கிலோ வண்டியை மேலே இழுக்கவே சுமார் 38 கிலோ இழுவை செலவாகிறது. பனியைத் தள்ள மிச்சம் 8 கிலோ. எடை கூட்டியபின் மொத்த எடை 425, ஏறுவதற்கு 42.5 போகும், தள்ள மிச்சம் 12.5. பரவாயில்லை, இதுவும் லாபம்தான்.

ஆனால் அதே சரிவு ஐஸாக இருந்தால்? எடை இல்லாமல் இழுவை 23 கிலோ, தேவை 38. பற்றாக்குறை 15. எடை கூட்டினால் இழுவை 27.5, தேவை 42.5. பற்றாக்குறை அதே 15! கூட்டிய எடை தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வதற்குத்தான் சரியாகப் போதுமாகிறது. இதைவிடச் செங்குத்தான ஐஸ் சரிவில் எடை உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். இறங்கும்போது ஆபத்து இன்னும் கூடுதல், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே வாசல் பாதை சரிவாக இருந்து, அடியில் ஐஸ் கட்டும் இடமாகவும் இருந்தால், டயரைச் சுற்றி மாட்டும் இரும்புச் செயின் இல்லாமல் எடையை மட்டும் நம்பாதீர்கள். செயின் செய்வது உராய்வுக் கெழுவையே உயர்த்துவது. 0.1 இருந்த இடத்தில் 0.2 கிடைத்தால், வண்டியில் ஏற்கெனவே இருக்கும் 230 கிலோவும் இரண்டு மடங்கு வேலை செய்யும். என் வரிசை எப்போதும் இதுதான்: முதலில் செயின், அடுத்து சக்கரத்தில் எடை, அதுவும் போதாவிட்டால் பின்னால் எடைப்பெட்டி.

முதல் படி: உங்கள் வண்டி எதைத் தாங்கும்?

பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் புல்வெட்டும் லான் டிராக்டரும் கார்டன் டிராக்டரும் உள்ளுக்குள் வேறு வேறு. லான் டிராக்டரின் பின் டயர் பெரும்பாலும் 20 அங்குல உயரம், 8 அங்குல ரிம். கார்டன் டிராக்டரில் 23×10.50-12 என்று டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும், பெரிய வண்டிகளில் 26×12.00-12.

டயர் அளவைவிடத் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு. பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே அச்சின் முனையில் ஒரு சிறிய கிளிப் மாட்டி, சக்கரம் அச்சின் மேல் சாவிக்கட்டையுடன் வெறுமனே செருகப்பட்டிருந்தால் அது இலகு ரகம். கார் சக்கரத்தைப் போல ஹப்பில் ஐந்து போல்ட் போட்டு முடுக்கியிருந்தால் அது கனமான வேலைக்காகச் செய்த அச்சு.

இலகு ரக வண்டிகள் பலவற்றில் டஃப் டார்க் நிறுவனத்தின் கே46 போன்ற ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பாக்ஸ் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றுவது) இருக்கும். புல் வெட்ட அது தாராளம். ஆனால் கனமான பிளேடைத் தள்ளிக்கொண்டு மணிக்கணக்கில் சரிவில் ஏறி இறங்க அதைச் செய்யவில்லை. இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. டயர் வழுக்குவது ஒருவகையில் கியர்பாக்ஸுக்குப் பாதுகாப்பு. சுமை அளவு மீறும்போது டயர் சுற்றிவிடுகிறது, உள்ளே இருக்கும் பம்பும் மோட்டாரும் தப்பிக்கின்றன. எடையும் செயினும் சேர்த்து அந்த வழுக்கலை நிறுத்திவிட்டால், அந்தச் சுமை முழுவதும் உள்ளே இறங்கும். எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகும், வண்டி கொஞ்ச நேரம் ஓடியதும் மேட்டில் ஏறத் திணறும், கீச்சென்ற முனகல் கேட்கும். இந்த மூன்று அறிகுறிகளில் எது தெரிந்தாலும் வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள்.

வண்டியின் கையேட்டில் எந்த எடை அனுமதி, சக்கரத்துக்கு எத்தனை கிலோ, டயரில் திரவம் நிரப்பலாமா, செயின் போடலாமா என்பதெல்லாம் இருக்கும். அதில் ஒன்றைக் கூடாது என்று போட்டிருந்தால், கூடாதுதான். இலகு ரக வண்டி என்றால் செயினோடு மிதமான எடை போதும். பனியை ஒரே தள்ளில் தள்ளாமல் பாதி அகலத்துக்கு எடுப்பதுதான் அதற்கு ஏற்ற வழி.

இரண்டாம் படி: பின்னால் இப்போது எவ்வளவு எடை?

இதைச் செய்பவர்கள் குறைவு. ஆனால் அரைமணி நேரம் இதில் செலவழித்தால் மற்ற எல்லாம் தெளிவாகிவிடும். உடல் எடை பார்க்கும் மெஷின் ஒன்று போதும், பெரும்பாலானவை 150 கிலோ வரை காட்டும்.

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். எடை மெஷினின் உயரம் எவ்வளவோ அதே கனத்துக்கு மூன்று பலகைகள் எடுங்கள். மூன்று சக்கரங்கள் பலகை மேல், நான்காவது மெஷின் மேல். மெஷினின் மேல் ஒரு தட்டையான பலகைத் துண்டு வைத்து அதன் மேல் டயரை நிறுத்தினால் கண்ணாடி உடையாது, அந்தத் துண்டின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். இலகு ரக வண்டியை மெதுவாக ஏற்றலாம், ஆனால் சக்கரத்தை ஜாக்கால் தூக்கி மெஷினை அடியில் தள்ளி இறக்குவதே பாதுகாப்பு. ஒரு பின்சக்கரம், அப்புறம் மற்றது. நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்க, எண்ணை இன்னொருவர் படிக்க வேண்டும்.

பிளேடு அல்லது ஸ்னோ புளோவர் (பனியை அள்ளித் தூர வீசும் கருவி) மாட்டியிருந்தால் அதைத் தரையில் இறக்கி ஒரு முறை, தூக்கி ஒரு முறை என்று இரண்டு தடவை பாருங்கள். தூக்கியதும் பின்சக்கர எடை குறைவதை நேரிலேயே காண்பீர்கள். இதற்குக் காரணம் நெம்புகோல் விளைவு. 90 கிலோ ஸ்னோ புளோவரின் எடை முன் அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் விழுகிறது, இரண்டு அச்சுகளுக்கும் இடையே 120 செ.மீ. என்றால், பின்சக்கரங்கள் இழப்பது 90 × 60 ÷ 120, அதாவது 45 கிலோ. மேலே நாம் இரண்டு சக்கரத்திலும் கூட்டியதாகக் கணக்குப் போட்டது முழுவதும் இதற்கே சரியாகப் போய்விட்டது பாருங்கள்! பிளேடு வைத்திருப்பவர்களைவிட ஸ்னோ புளோவர் வைத்திருப்பவர்களுக்குப் பின்னெடை அதிகம் தேவைப்படுவது இதனால்தான்.

இழந்ததை முதலில் ஈடுகட்டுங்கள். அதற்கு மேல் எவ்வளவு கூட்டலாம் என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

மூன்றாம் படி: செயின்

இரண்டு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி உள்ள செயினாகப் பார்த்து வாங்குங்கள். நான்கு கண்ணிக்கு ஒன்று என்றால் விலை குறையும், ஆனால் இரண்டு குறுக்குச் சங்கிலிகளுக்கு நடுவே டயர் தரையில் தொப் தொப்பென்று இறங்கி ஏறும், அந்த இடைவெளியில் பிடியும் விட்டுப்போகும். டயர் அளவை அப்படியே கொடுத்து வாங்க வேண்டும்.

மாட்டும்போது கொக்கியின் கூரான முனை டயரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் இருக்கட்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செயினை இழுத்து மாட்டி, மறுபடி காற்றடித்தால் நன்றாக இறுகும். நூறடி ஓட்டிவிட்டு மீண்டும் ஒரு கண்ணி இறுக்குங்கள். அப்புறம், சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, செயின் மட்கார்டிலோ சட்டத்திலோ உரசுகிறதா என்று பாருங்கள். ஒரு விரல் அகலம்கூட இடைவெளி இல்லாவிட்டால் அந்தச் செயின் உங்கள் வண்டிக்கு ஆகாது. அலங்காரக் கல் பதித்த பாதையில் செயின் கீறல் விழவைக்கும் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சக்கரத்தில் எடை

சக்கரத்தோடு சேர்ந்த எடைக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ரிம்மில் போல்ட் போட்ட இரும்பின் எடை ரிம் வழியாக டயருக்கு, டயர் வழியாகத் தரைக்கு நேராக இறங்குகிறது. வண்டியின் சட்டமோ அச்சின் பேரிங்கோ அதைச் சுமப்பதில்லை. அதே இரும்பைச் சீட்டுக்குப் பின்னால் கட்டினால் பேரிங்தான் சுமக்கும். அதனால்தான் முதல் எடை சக்கரத்திலேயே இருக்க வேண்டும் என்கிறேன்.

எந்தப் பொருள்? வார்ப்பிரும்பு வீல் வெயிட்தான் என் தேர்வு. வார்ப்பிரும்பின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 7.2 கிலோ, கான்கிரீட்டுக்கு 2.4. இதன் பொருள் நடைமுறையில் என்ன என்றால், 12 அங்குல ரிம்மில் அடங்கும் 30 செ.மீ. விட்டமுள்ள தட்டு ஒன்று 20 கிலோ இருக்க வேண்டுமானால், வார்ப்பிரும்பில் 4 செ.மீ. கனம் போதும். கான்கிரீட்டில் அதுவே 12 செ.மீ. வேண்டும். ரிம்மின் குழிக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், கதவு நிலையில் இடிக்கும், பனிச்சுவரில் உரசும். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் கான்கிரீட் நிரப்பி விற்பவை மலிவுதான், ஆனால் ஓடு விரிசல் விட்டுத் தண்ணீர் புகுந்து உறைந்தால் உள்ளே உதிர ஆரம்பிக்கும். ஈயம் வேண்டவே வேண்டாம், அது நச்சு.

கார்டன் டிராக்டருக்கென்றே வார்த்த எடைகள் பெரும்பாலும் 50 பவுண்டு, அதாவது 22.7 கிலோ. அவை கிடைக்காவிட்டால் உடற்பயிற்சிக் கூடத்து இரும்புத் தட்டுகள் நல்ல மாற்று. துளையிட்டுப் போல்ட் போட வேண்டும், அவ்வளவுதான். ரப்பர் பூசியவற்றைத் தவிர்த்து முழு இரும்பாகப் பார்த்து வாங்குங்கள்.

ரிம்மைப் பாருங்கள். பல கார்டன் டிராக்டர் ரிம்களில் மையத்தைச் சுற்றி நான்கு துளைகளோ சதுரப் பிளவுகளோ இருக்கும், வீல் வெயிட் மாட்டுவதற்கென்றே விட்டவை. இல்லாவிட்டால் நீங்களே துளையிட வேண்டியிருக்கும். துளை, ரிம்மின் தட்டையான நடுப்பகுதியில் மட்டும். டயர் உட்காரும் விளிம்புக்குப் பக்கத்தில் போகவே கூடாது. டியூப் இல்லாத டயரில் அங்கே துளை போட்டால் காற்று நிற்காது.

துளைகளின் இடத்தைக் குறிக்க ஓர் அட்டையை ரிம்மின் மேல் வைத்து, துளைகளின் விளிம்பை விரலால் அழுத்தி அச்செடுங்கள். அதே அட்டையைத் தட்டின் மேல் வைத்துக் குறித்தால் நான்கும் நேர் நேராக வரும். தட்டின் நடுவும் அச்சின் நடுவும் ஒன்றாக வர வேண்டும். டிராக்டர் நடை வேகத்தில்தான் போகிறது என்பதால் அரை செ.மீ. விலகலால் வண்டி உதறாது, ஆனால் போல்ட்டுகள் ஒருபக்கமாகச் சுமந்து தளரும்.

போல்ட் 12 மி.மீ. அல்லது அரை அங்குலம், 8.8 தரம். தலை உருண்டையான, கழுத்து சதுரமான கேரியேஜ் போல்ட் ரிம்மின் சதுரப் பிளவில் சுற்றாமல் உட்காரும். நீளத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: தட்டின் கனம், ரிம் தகட்டின் கனம், வாஷர்கள், நட், அதற்கு மேல் இரண்டு மூன்று மரை. போல்ட்டின் தலையை உள்பக்கம் விட்டு நட்டை வெளியே போடுங்கள், உள்பக்கம் எவ்வளவு குறைவாகத் துருத்துகிறதோ அவ்வளவு நல்லது. அங்கேதான் பிரேக் கம்பியும் கியர்பாக்ஸ் உடலும் இருக்கின்றன. இரு பக்கமும் பெரிய வாஷர், தளராத நைலான் நட்.

மாட்டும் முறை:

1. சமதரையில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.
2. சக்கரத்தின் போல்ட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கியபின் தளர்த்தினால் வண்டி ஆடும்.
3. பின் அச்சுக்குப் பக்கத்தில் சட்டத்தில் ஜாக் வைத்துத் தூக்கி, உடனே ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம்.
4. சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கப் போடுங்கள். நின்றநிலையில் 20 கிலோ இரும்பை ஒரு கையில் தாங்கி மறுகையில் நட் போடுவதைவிட இது எத்தனையோ சுலபம், முதுகுக்கும் நல்லது.
5. போல்ட்டுகளை உள்ளிருந்து செருகி, எடையை அவற்றின் மேல் இறக்கி, நான்கு நட்டுகளையும் விரலால் திருகுங்கள். பிறகு எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.
6. இப்போது டயர், ரிம், எடை எல்லாம் சேர்ந்து 40 கிலோவுக்குக் கிட்ட வரும். தூக்காமல் உருட்டிக்கொண்டு போய், ஒரு கடப்பாரையை டயருக்கு அடியில் கொடுத்து நெம்பி ஹப்பில் ஏற்றுங்கள்.
7. சக்கர போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்கி, சக்கரத்தைச் சுற்றி, உள்ளே எதுவும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) எந்தச் சக்கரத்துக்குப் பிடி குறைவோ அதுதான் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். ஒரு பக்கம் மட்டும் எடை கூட்டினால், கூட்டாத பக்கம் முன்போலவே வழுக்கி வண்டியை நிறுத்திவிடும்.

டயருக்குள் திரவம்: யாருக்கு ஏற்றது

ரிம்மில் இடமில்லாதவர்களுக்கும், ஆண்டு முழுவதும் எடை தேவைப்படுபவர்களுக்கும் இது நல்ல வழி. 23×10.50-12 டயரில் முக்கால் பங்கு நிரப்பினால் ஏறக்குறைய 30 லிட்டர் பிடிக்கும். எந்தத் திரவம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெறும் தண்ணீர் உறைந்துவிடும், பேச்சுக்கே இடமில்லை. கண்ணாடி கழுவும் குளிர்காலத் திரவம் உறையாது, மலிவு. ஆனால் அதில் மெத்தனால் இருப்பதால் தண்ணீரைவிடச் சற்று இலேசு. அதுவும் நச்சுதான். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலின் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், சொட்டினால் நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும். ஆகவே நிச்சயமாக வேண்டாம். ப்ரோப்பிலின் கிளைக்கால் கலந்தது அந்த அளவுக்கு ஆபத்தில்லாதது. கால்சியம் குளோரைடுக் கரைசல் லிட்டருக்கு 1.3 கிலோ வரை வரும், பெரிய பண்ணை டிராக்டர்களில் நெடுங்காலமாகப் பயன்படுத்தியதும் அதுதான். ஆனால் ஒரு சொட்டுக் கசிந்தாலும் ரிம் துருவேறும், விழுந்த இடத்தில் புல் கருகும். சிறிய டிராக்டருக்கு அந்தத் தலைவலி தேவையில்லை. பீட்ரூட் சாற்றிலிருந்து செய்யும் திரவம் ஏறக்குறைய அதே கனம், துருப்பிடிக்க வைக்காது, கடுங்குளிரிலும் உறையாது. விலை அதிகம். கிடைத்தால் அதையே எடுங்கள். 30 லிட்டருக்கு ஒரு டயரில் 39 கிலோ வரும்.

நிரப்ப, சக்கரத்தைத் தூக்கி வால்வை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை வெளியேற்றி, குழாய் பொருத்தும் அடாப்டரை மாட்டி, சிறிய கைப்பம்பால் ஏற்றுங்கள். நடுநடுவே நிறுத்திக் காற்று வெளியேற விட வேண்டும், இல்லாவிட்டால் திரவம் ஏறாமல் எதிர்த்துத் தள்ளும். வால்வு மட்டத்துக்கு வந்து திரவம் வழியும்போது நிறுத்துங்கள், அதுதான் முக்கால் அளவு. மீதி இடத்தில் காற்று இருந்தால்தான் டயர் நெளிந்து கொடுக்கும். காற்றழுத்தம் பார்க்கும்போதும் வால்வு எப்போதும் மேலே இருக்கட்டும், கேஜுக்குள் திரவம் போனால் அது கெட்டுவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த டயர் பஞ்சரானால் ஒட்டுவது பெரிய வேலை. கோடையில் புல்வெளியில் ஓடும்போதும் இந்த எடை கூடவே வரும், ஈரமான மண்ணில் தடம் பதியும். குளிர்காலத்துக்கு மட்டும் எடை தேவை என்றால் கழற்றி மாட்டும் இரும்பே மேல்.

பின்னால் எடைப்பெட்டி

பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் எடை, தன் எடையைவிட அதிகமாகப் பின்சக்கரத்தை அழுத்தும். 50 கிலோவை அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் தொங்கவிட்டால், 120 செ.மீ. அச்சு இடைவெளியுள்ள வண்டியில் பின்சக்கரங்களுக்குக் கிடைப்பது 50 × 160 ÷ 120, கிட்டத்தட்ட 67 கிலோ. கூடுதலான 17 கிலோ முன்சக்கரங்களிலிருந்து வருகிறது. முன்னால் கனமான ஸ்னோ புளோவர் இருந்தால் இது இரட்டை லாபம், முன் அச்சின் பாரமும் குறையும், ஸ்டியரிங்கும் இலேசாகும். முன்னால் ஒன்றும் இல்லாமலோ, இலேசான பிளேடு மட்டும் வைத்தோ இதைச் செய்தால் முன்சக்கரம் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். சரிவில் ஏறும்போது முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும் அபாயமும் உண்டு.

வண்டிக்கென்றே செய்த எடைத்தாங்கி இருந்தால் அதையே வாங்குங்கள். ஜான் டீயர் வண்டிகளுக்கு 42 பவுண்டு, அதாவது 19 கிலோ கணக்கில் பெட்டி வடிவ எடைகள் வருகின்றன, வேண்டிய எண்ணிக்கையை வரிசையாகக் கோத்துக்கொள்ளலாம். நீங்களே செய்வதானால் உறுதியான இரும்புச் சட்டத்தில் பெட்டி அமைத்து, காய்ந்த மணல் மூட்டைகளை வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். மணலில் ஒரு வசதி, வழியில் சிக்கிக்கொண்டால் ஒரு கை அள்ளி டயருக்கு முன்னால் போடலாம். இழுவைத் தட்டின் ஒற்றைத் துளையில் மட்டும் எடையைத் தொங்கவிடாதீர்கள். அது இழுப்பதற்காகச் செய்தது. மேலும் கீழும் குலுங்கும் பாரத்தில் அந்தத் தகடு வளைந்துவிடும். இந்தப் பெட்டியின் பாரம் முழுவதும் அச்சின் பேரிங்கில் விழுகிறது என்பதால், கையேட்டின் வரம்பை இங்கே கறாராகப் பாருங்கள்.

காற்றழுத்தம், முதல் ஓட்டம், சரிவு

பின் டயரில் கையேடு சொல்லும் வரம்பின் கீழ்ப்பகுதியில் காற்றை வையுங்கள். பல வண்டிகளில் அது 10 பிஎஸ்ஐ சுற்றி இருக்கும். அழுத்தம் குறைந்தால் டயர் தட்டையாகப் படிந்து பிடி கூடும். அதற்காக மிகவும் இறக்கிவிட்டால், நல்ல பிடியுள்ள இடத்தில் ரிம் டயருக்குள்ளேயே சுழன்று காற்று வெளியேறிவிடும். குளிரில் அழுத்தம் தானாகவே குறையும் என்பதால், வீட்டுக்குள் அல்லாமல் வண்டி நிற்கும் குளிரிலேயே அளவு பாருங்கள்.

முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்குங்கள். இதைத் தவறவிடாதீர்கள். புதிதாக மாட்டிய எடையில் பெயின்டும் வாஷரும் அழுந்தி, போல்ட் ஒரு மயிரிழை தளர்ந்திருக்கும். அதன்பின் ஒவ்வொரு பெரிய பனிக்குப் பிறகும் ஒரு பார்வை போதும். ஓடும்போது டக் டக் என்று சக்கரச் சுற்றுக்கு ஒரு சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள், தளர்ந்த போல்ட் ரிம்மின் துளையை ஒரே நாளில் முட்டை வடிவமாக்கிவிடும்.

சரிவில் இறங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டியது இது. கார்டன் டிராக்டர்களில் பெரும்பாலும் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். சரிவில் இறங்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது, முன்னால் தூக்கிய ஸ்னோ புளோவர் அதை மேலும் இலேசாக்குகிறது. ஆக, பிரேக் இருக்கும் சக்கரத்துக்குப் பிடி மிகக் குறைவாக இருக்கும் நேரமும், வண்டி மிகவும் கனமாக இருக்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. ஆகவே செங்குத்தான பாதையில் மெதுவாக இறங்குங்கள், கருவியைத் தரையை ஒட்டித் தாழ்த்தி வையுங்கள், நடுச்சரிவில் திரும்பாதீர்கள். கியர் வண்டியானால் குறைந்த கியரில் இறங்குங்கள், நியூட்ரலுக்கு வரவே கூடாது. நேர் சரிவாக இருந்தாலும் செயின் இல்லாமல் ஐஸில் இறங்க வேண்டாம், எவ்வளவு எடை கட்டியிருந்தாலும் சரி.

பிளேடைக் கோணத்தில் வைத்துத் தள்ளும்போது வண்டியின் மூக்குப் பக்கவாட்டில் நழுவுகிறதா? அதற்குப் பின்னால் இன்னும் எடை கூட்டுவது மருந்தல்ல. முன்சக்கரத்துக்குச் செயின் போடுங்கள் அல்லது நடுவில் வரம்பு போட்ட முன் டயர் மாட்டுங்கள், கோணத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.

பனி முடிந்ததும்

கடைசிப் பனி கரைந்ததும் எடைகளைக் கழற்றிவிடுங்கள். புல்வெளியில் அந்தக் கூடுதல் பாரம் மண்ணை இறுக்கி வேரை நெருக்கும், கியர்பாக்ஸுக்கும் வீண் உழைப்பு. சாலையில் தூவிய உப்பு ரிம்மின் துளைகளைச் சுற்றித் தங்கியிருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, துரு தெரிந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பெயின்ட் அடியுங்கள். போல்ட்டுகளுக்கு எண்ணெய் தடவி, எந்தப் பக்கத்து எடைக்கு எந்த நீளம் என்று எழுதி ஒரு பையில் போட்டு, அந்தப் பையை எடையின் நடுத்துளையிலேயே கட்டிவையுங்கள். நைலான் நட்டுகள் ஒருமுறை கழற்றினால் பிடி குறையும், அடுத்த குளிர்காலத்துக்குப் புதிதாக எட்டு வாங்கி அதே பையில் போட்டுவிடுங்கள்.